கடைசி வாய்த் தண்ணீர்

கல் பள்ளிப்பட்டிலிருந்து லாரியில் வந்தது. எழுபத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாதம். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரே ஏரிக்கரை ஓரமாக லாரி நின்றதும் சம்பூர்ணம் இட்லிக் கொப்பரையை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அங்கே நாஷ்டா தின்றுகொண்டிருந்த கம்பெனி ஆட்களும் எச்சில் கையோடு பின்னாலேயே போனார்கள். ஆள் உயரக் கருங்கல். ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று இழைத்திருந்தார்கள். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத அந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் பெயர்களை அதில் வெட்டப் போகிறார்கள்.

சர்க்கார் வைக்கிற கல் இல்லை அது. சர்க்காரை எதிர்பார்த்தால் நம் பேரப் பிள்ளைகள்தான் பார்ப்பார்கள் என்று ஊர்க்காரர்களே குழு சேர்த்துச் செய்த வேலை. தலைவர் ஆதிகேசவன், பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவன். அவனுக்குத் துணை நூர் அகமது, பழவேற்காட்டு மீனை ஐஸில் போட்டு லாரியில் மெட்ராசுக்கு அனுப்புகிற வியாபாரி. அவர் தம்பி ஜலாலுதீன் அறுபத்தைந்தில் பாகிஸ்தான் சண்டையில் செத்தவன். இந்த இரண்டு பேரும் பேசினார்கள், திட்டம் போட்டார்கள், மேடையில் மாலை வாங்கிக்கொண்டார்கள். மற்றதெல்லாம் சம்பூர்ணம். கவரைப்பேட்டை வரைக்கும் வெயிலில் நடந்து, பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளின் வாசலில் நின்று, முகத்தில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தியவர்களிடமும் பேசிச் சம்மதம் வாங்கி வந்தவள் அவள். நோட்டீசில் அவள் பெயர் கிடையாது. அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை. அவள் கல்லில் பார்க்க ஆசைப்பட்டது ஒரே ஒரு பெயரைத்தான்.

கலியன், அவள் புருஷன்.

அறுபத்திரண்டில் சீனாக்காரன் சண்டைக்குப் போனான். ஆள் வரவில்லை, பிணமும் வரவில்லை, ‘காணவில்லை’ என்று தந்தி மட்டும் வந்தது. காணாமல் போனவன் ஒருநாள் கிடைப்பான் இல்லையா? அந்தக் கணக்கில் பத்து வருஷமாகத் தாலியும் குங்குமமுமாக இருந்தாள் சம்பூர்ணம். முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவளைப் பார்த்துச் சிரிக்காத ஒரே ஆள் ஆதிகேசவன். கலியனோடு பட்டாளத்தில் ஒரே பிரிவில் நின்று சண்டை போட்டவன், பனியில் கால் விரல்களைப் பறிகொடுத்து விந்தி விந்தி ஊர் திரும்பியவன். பொங்கல் தவறாமல் அரிசியும் வெல்லமும் கொண்டுவந்து வைப்பான். ஸ்டேஷன் எதிரில் கடை போட யாரோ தகராறு செய்தபோது முன்னால் வந்து நின்றவனும் அவன்தான். வாய் நிறைய ‘அண்ணி’ என்பான். கலியனுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கும்போதெல்லாம், “இருட்டு அண்ணி. ஒரே பனி. பிரிஞ்சிட்டோம்” என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

உயிரோடு இருக்கிறவன் பெயரைக் கல்லில் வெட்ட முடியாது. கலியன் செத்துவிட்டான் என்று சம்பூர்ணம் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கேதான் வேலை தேங்கி நின்றது. ஒருநாள் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து ஆதிகேசவன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

“இத்தினி வருசமா உங்கிட்ட மறைச்சிட்டேன் அண்ணி. என் மடியிலதான் அவுரு உசுரு போச்சு.”

சம்பூர்ணம் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“தண்ணி கேட்டாரு. என் பாட்டில்ல இருந்து ஒரு வாய் ஊத்தினேன். சம்பூர்ணத்த பாத்துக்கோடான்னாரு. நான்தான் கண்ண மூடி வுட்டேன்.”

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “தண்ணி எறங்கிச்சா தம்பி?”

“எறங்கிச்சு அண்ணி.”

அந்தப் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போகிற பெண்கள் முதலில் விசாரிப்பது அதைத்தான். உரிமைப்பட்ட ஒரு கை கடைசியாக ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றி, அது தொண்டைக்குள் இறங்கிவிட்டால், போகிறவன் குறையில்லாமல் போய்விடுவான். திரும்பி வந்து கேட்க அவனுக்கு எதுவும் மிச்சம் இருக்காது. தாகத்தோடு போகிறவன் கதை வேறு. சம்பூர்ணம் அன்று முழுக்க அழுதாள். ஆனால் பத்து வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று அந்த அழுகையில் நகர்ந்தது. எங்கோ முகம் தெரியாத மலையில் அனாதையாகக் கிடக்கவில்லை அவள் புருஷன். தம்பி மாதிரி ஒருத்தன் மடியில் தலை வைத்துத்தான் போயிருக்கிறான். அவள் சம்மதித்தாள். கலியன் பெயரும் கல்லில் ஏறியது.

ஊரில் கருமாதி செய்து வைப்பவர் சடையப்பன். ஏரிக்கரையில் ஒரு செங்கல்லை நட்டு, செத்தவனைப் பெயர் சொல்லி அதில் கூப்பிடுவார்கள். கல்லுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், படைப்பார்கள். கடைசியில் கல்லைப் பிடுங்கி ஏரியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். செத்தவன் அதோடு போய்ச் சேர்ந்துவிடுவான். சடையப்பன் செங்கல்லோடு வந்தபோது ஆதிகேசவன் தடுத்தான்.

“செங்கல்லு எதுக்கு பெரியவரே? இம்மாம் பெரிய கல்லு நிக்குது. இதுலயே கூப்டுங்க. எங்கண்ணனுக்கு அதான் மரியாத.”

“கூப்டுறது ஒண்ணும் பெரிசு இல்ல கேசவா. சிமிட்டி போட்டு நிறுத்தி வச்சிருக்கீங்க. அப்புறமா எவன் புடுங்குறது?”

“ஏன் புடுங்கணும்? ஊரு இருக்குற வரைக்கும் இங்கியே நிக்கட்டும்.”

சுற்றி நின்றவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒன்றிரண்டு பேர் கைதட்டினார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டுமானால் சம்பூர்ணத்துக்கும் பிடித்துத்தான் இருந்தது. பத்து வருஷம் இல்லாமல் இருந்தவன் இனி கடை வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் நிற்பான். அனுப்பி வைக்க யாருக்கு மனசு வரும்?

கம்பெனியில் மத்தியானச் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது சடையப்பன் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு பெண்கள் அவள் தாலியைக் கழற்றினார்கள். சம்பூர்ணம் ஒரு சொம்புத் தண்ணீரைக் கல்லின் தலையில் ஊற்றினாள். தண்ணீர் பளபளவென்று பாதிக் கல் வரைக்கும் இறங்கியது.

தரைக்கு வரவில்லை.

“வெயிலு அப்டி கொளுத்துது” என்றார் நூர் அகமது. எல்லாரும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

திறப்பு விழா நடக்கும்வரை கல்லுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஏற்பாடு. உச்சிவேளையில் சங்கு ஊதியதும் சம்பூர்ணம் சொம்போடு போவாள். அந்த நேரத்தில் ஏரிக்கரையில் ஈ காக்கை இருக்காது. ஊற்றிய தண்ணீர் தினமும் பாதிக் கல்லோடு காணாமல் போயிற்று. ஒருநாள் கல்லில் கையை வைத்துப் பார்த்தாள். சித்திரை பிறந்து, தண்டவாளத்தில் கால் வைக்க முடியாமல் காய்கிற வெயில். கல் ஜில்லிட்டுக் கிடந்தது. கையை எடுக்கப் போனால் வரவில்லை. உள்ளங்கை ஒட்டிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்தபோது தோல் உரிந்து எரிந்தது.

மறுநாள் அவளே போய் நூர் அகமதுவை அழைத்து வந்து காட்டினாள். கலியன் பெயர் வெட்டியிருந்த இடத்தில், எழுத்துக் குழிகளுக்குள், வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ஐஸிலேயே பிழைக்கிற மனுஷன். விரலால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறிவிட்டது.

“இது நம்ம லாரி ஐஸ் இல்லக்கா. அதுல மீன் கவுச்சி அடிக்கும். இதுல இன்னாமோ…” மறுபடி முகர்ந்தார். “நனைஞ்ச கம்பளி வாசனை.”

அதற்குமேல் அவர் அங்கே நிற்கவில்லை. வியாபாரம் கெட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தார். சம்பூர்ணம் மட்டும் நின்றாள். அவளுக்கு முதலில் பயமாக இல்லை. கூப்பிட்டோம், வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தாள். கல்லில் காதை வைக்காத குறையாகக் குனிந்தாள்.

“தண்ணி.”

குரல் வறண்டு, பிசிறாக வந்தது. ஆனாலும் அவளுக்குத் தெரியாதா அது யார் குரல் என்று?

சொம்பைக் கவிழ்த்தாள்.

“தண்ணி.”

கடைக்கு ஓடிக் குடத்தைத் தூக்கிவந்து ஊற்றினாள். முழுக் குடமும் கல்லுக்குள் போயிற்று. காலடி மண் காய்ந்தே கிடந்தது.

“தண்ணி… கேசவா…”

சம்பூர்ணம் காலிக் குடத்தைக் கீழே வைத்தாள்.

“போவாதடா. கேசவா. ஒரு வாய்.”

அவள் எப்படிக் கடைக்கு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அடுப்பில் இட்லி வெந்து, தண்ணீர் சுண்டி, கொப்பரை அடிப்பிடித்துக் கருகியது. வாசலில் நின்ற ஆட்கள் கத்தியது காதில் விழவில்லை. தண்ணீர் இறங்கிப் போனவன் தண்ணீர் கேட்டு வர மாட்டான். பெற்ற பிள்ளையானாலும் தாலி கட்டியவனானாலும் வர மாட்டான். இவன் கேட்கிறான். அப்படியென்றால் அந்த மடி? அந்தப் பாட்டில்? ‘எறங்கிச்சு அண்ணி’ என்று கண்ணைப் பார்த்துச் சொன்னானே, அது?

கல் நட்ட நாளிலிருந்து ஆதிகேசவன் உச்சிவேளையில் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திறப்பு விழாவுக்குத் திருவள்ளூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். பந்தல், மைக் செட், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தோரணம் எல்லாம் இருந்தது. அதிகாரியின் ஜீப் தாமதமானதில் காரியம் உச்சிவேளைக்குத் தள்ளிப்போய்விட்டது. ஆதிகேசவன் பழைய காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்டு, கலியன் கடைசியாகத் தண்ணீர் குடித்ததை மைக்கில் சொன்னான். அந்தப் பட்டாளத்துத் தகரப் பாட்டிலையே கையோடு கொண்டுவந்து தூக்கிக் காட்டினான். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். பிணம் வராத வீட்டுப் பெண்கள்தான் அதிகமாக அழுதார்கள். அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்கச் சம்பூர்ணத்துக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

“தம்பி, அந்த பாட்டில்லயே கல்லுக்கு ஒரு வாய் ஊத்து.”

“நீ ஊத்து அண்ணி. நீதான…”

“அன்னிக்கு நீதான ஊத்துன? இன்னிக்கும் நீயே ஊத்து.”

மைக்கில் அது கேட்டுவிட்டது. அதிகாரியும் சரியென்று தலையாட்டினார். தப்பிக்க வழியில்லை. பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கையில் கொடுத்தார்கள். ஆதிகேசவன் விந்தி விந்திக் கல்லருகே போனான். சம்பூர்ணம் பக்கத்தில் நின்றாள். கம்பெனிச் சங்கு ஊத ஆரம்பித்தது.

பாட்டிலைச் சாய்த்தான்.

ஒரு சொட்டும் விழவில்லை.

தலைகீழாகக் கவிழ்த்தான், உதறினான். தகரத்தின் மேல் வெள்ளையாகப் பனி படர்ந்தது. அவன் விரல்கள் அதில் ஒட்டிக்கொண்டன. சங்கின் ஊளைக்கு அடியில், அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கல் பேசியது.

“பாட்டில்ல தண்ணி இருக்குதுடா கேசவா. குலுங்குது. எனக்கு கேக்குது.”

ஆதிகேசவனின் முகத்தில் ரத்தம் இல்லை. அவன் கல்லைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான்.

“உசுரோடதான் இருந்தாரு அண்ணி” என்றான், உதடு மட்டும் அசைய. “தொடைல குண்டு. தூக்கினு வர முடியல. கொஞ்சம் தண்ணிதான் இருந்திச்சு. மலைய எறங்குற வழிக்கு எனக்கு வோணுமேன்னு…”

“ஒரு வாய்கூடவா?”

அவன் கல்லடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நண்பனை நினைத்துக் கலங்கிப்போனார் என்று கூட்டம் கைதட்டியது. அதிகாரி குனிந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சம்பூர்ணம் அழவில்லை. பத்து வருஷமாக அவள் மோந்து கொடுத்த தண்ணீரை அவன் எத்தனை தடவை வாங்கிக் குடித்திருப்பான் என்று நினைத்துப் பார்த்தாள். வேகாத வெயிலில் வந்து, ‘ஒரு சொம்பு குடு அண்ணி’ என்று உரிமையோடு கேட்டு, அண்ணாந்து குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போனவன். பொங்கலுக்குப் பொங்கல் கொண்டுவந்து வைத்த வெல்லத்தை நினைத்தாள். 

அன்று சாயங்காலமே நூர் அகமதுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஐஸைத் தொட்டுப் பார்த்தவர், நம்புவார் என்று நினைத்தாள். நம்பவும் செய்தார். நம்பிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“வெளிய சொல்லாதக்கா. கேசவன் பொய்யின்னா இந்த கல்லும் பொய்யின்னு ஆயிடும். எங்க ஜலாலு பேரும் அதுலதான் இருக்குது.”

“அப்போ கல்லயாவது புடுங்கி ஏரில போடுங்க பாய். அவுரு போய் சேரட்டும்.”

“அதிகாரி வந்து தொறந்த கல்லு. யாரு கைய வெப்பாங்க?”

கவரைப்பேட்டை வரைக்கும் நடந்து நடந்து அவள் எழுப்பிய கல். அவளுக்காக அதைத் தொட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஆதிகேசவன் அன்றிலிருந்து படுத்த படுக்கை. சொம்பைத் தூக்கி அண்ணாந்தால் தொண்டைக்குள் ஏதோ இறுகிக்கொள்கிறது, பல் கிட்டிக்கொள்கிறது என்று அவன் மனைவி அங்காளம்மாள் ஊரெல்லாம் சொல்லி அழுதாள். ஊசி போட்டார்கள், மந்திரித்தார்கள். தலைமாட்டில் நிறைய தண்ணீர் வைத்துக்கொண்டு நாக்கு வறண்டு கிடந்தான். அக்கினி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம் அங்காளம்மாள் கடைக்கே ஓடிவந்தாள்.

“உங்கையால ஒரு வாய் ஊத்துனா எறங்கும்னு சொல்றாருக்கா. கால்ல வுழறேன், ஒரு நட வா.”

சம்பூர்ணம் இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாக் குழியும் நிரம்பும்வரை நிமிரவில்லை.

“நான் வந்தேன்னு சொல்லிக்கோ” என்றாள். “ஊத்துனேன், எறங்கிச்சுன்னு ஊருல சொல்லிக்கோ.”

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சாவு மேளம் கேட்டது.

ஊர் அவனுக்குச் செய்த மரியாதையைச் சொல்ல வேண்டும். கல் வைத்த மகராசன் என்று, அதே கல்லில், கலியன் பெயருக்கு நேர் கீழே அவன் பெயரையும் வெட்டினார்கள். உயிருக்கு உயிரான சிநேகிதர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும் என்றார்கள். சடையப்பன் முணுமுணுத்துக்கொண்டே வந்து, அதே இடத்தில், மூன்று தடவை பெயர் சொல்லி அவனையும் கூப்பிட்டார். சம்பூர்ணம் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சங்கு ஊதியதும் சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். கலியனுக்கு ஊற்றாமல் இருக்க அவளால் முடியாது. இருப்பது அவள் ஒருத்திதானே. பாதிச் சொம்பை ஊற்றினாள். தண்ணீர் கலியன் பெயர் வரைக்கும் வந்து மறைந்தது.

“அண்ணி.”

கீழே இருந்து வந்தது குரல்.

“அண்ணி, எனக்கு.”

சம்பூர்ணம் சொம்பை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மிச்சத் தண்ணீரை அங்கேயே தரையில் கொட்டிவிடலாம் என்று நினைத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்ட வேண்டும். நனைந்த கம்பளி வாசனை மூச்சை அடைத்தது.

“சம்பூர்ணம்.”

 இத்தனை நாள் ‘கேசவா, கேசவா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவன் முதல் தடவையாக அவள் பெயரைச் சொல்லியிருக்கிறான். கண் நிறைந்துவிட்டது. என்னய்யா, என்னய்யா என்று கல்லின்மேல் சாய்ந்தாள்.

“அவனுக்கு ஒரு வாய் ஊத்து.”

அவ்வளவுதான் சொன்னான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. தாலி எங்கே என்று கேட்கவில்லை. பத்து வருஷம் காத்துக் கிடந்தவளின் பெயரைச் சொன்னதே அந்தப் பாவிக்காகத்தான். இவனுமா அவன் பக்கம், என்று நினைத்தாள் சம்பூர்ணம்.  பிறகு, கேட்டது புருஷன் என்பதற்காக மட்டும், மனசில்லாத மனசோடு, கீழே இருந்த பெயருக்கு நேராகச் சொம்பைச் சாய்த்தாள்.

ஒரு சொட்டும் விழவில்லை.

உள்ளே பார்த்தாள். மிச்சமிருந்த தண்ணீர் வெள்ளை வெளேரென்று இறுகிக் கிடந்தது. சொம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள், அன்று கேசவன் விரல்கள் பாட்டிலில் ஒட்டியது போலவே, அதோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

சங்கு ஓய்ந்தது. கல்லுக்குள்ளிருந்து இப்போது இரண்டு பேரும் சேர்ந்து கேட்டார்கள்.

“தண்ணி.”